பச்சைப் புள்ளி

புதுச்சேரி
12.10.2008

சேசு மரி சூசை துணை

அன்புள்ள மருமகள் பொலினுக்கு அத்தை தெரேஸ் எழுதுவது. நான் சுகம். பிரஷர் மாத்திரையில் அடங்கியிருக்கிறது. நீயும் தெயோவும் எப்படி இருக்கிறீர்கள்? அங்கே குளிர் தொடங்கியிருக்கும். காதை மூடிக்கொண்டு வெளியே போ.

கல்யாணமாகி நீ பிரான்சுக்கு, அந்த சார்செல் ஊருக்குப் போய் இரண்டு வருஷம் ஆகிறது. ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு நான் கம்ப்யூட்டர் முன்னால் உட்காராத வாரம் கிடையாது. இப்போது மூன்று வாரமாக உன் முகம் வர வேண்டிய இடத்தில் ஒரு ஆங்கில அறிவிப்பு வருகிறது. தெரு முனையில் பிரவுசிங் சென்டர் நடத்தும் கலையரசியைக் கூட்டிவந்து காட்டினேன். "கம்பெனியே இந்த சாப்ட்வேர நிறுத்திட்டாங்கம்மா. செப்டம்பரோட முடிஞ்சிபோச்சி. இனிமே வேற ஒண்ணுதான் போடணும். ரெண்டு பக்கமும் போடணும்" என்றாள்.

போனில் கூப்பிட்டால் தெயோதான் எடுக்கிறான். "நல்லா இருக்கோம்மா, அவ குளிக்கிறா" என்று வைத்துவிடுகிறான். நாலு தடவை கூப்பிட்டேன். நாலு தடவையும் நீ குளித்துக்கொண்டிருந்தாய். அதனால்தான் கடிதம்.

கடைசியாகப் பார்த்த அன்று உன் மணிக்கட்டில் துணி சுற்றியிருந்தது போலத் தெரிந்தது. கேட்பதற்குள் தெயோ முன்னால் வந்து உட்கார்ந்துவிட்டான். இப்போது ஆறிவிட்டதா?

இருவருக்கும் என் ஆசீர்.
தெரேஸ்


சார்செல்
30.10.2008

மரியாதைக்குரிய அத்தைக்கு பொலினின் வணக்கம். நாங்கள் இருவரும் நலம். மாத்திரையை நேரத்துக்குப் போடுங்கள். உப்பைக் குறையுங்கள்.

மணிக்கட்டு ஒன்றுமில்லை அத்தை. மாவு பிசையும்போது சுளுக்கிக்கொண்டது. புது சாப்ட்வேர் போடுவதாக உங்கள் மகன் சொல்லியிருக்கிறார். விமான நிலையத்தில் சரக்குப் பிரிவில் வேலை அதிகம். வீட்டுக்கு வந்தால் களைத்துவிடுகிறார். நானும் அவரைத் தொந்தரவு செய்வதில்லை.

எங்கள் கட்டடத்தில் நாலாம் மாடியில் செல்வாம்பாள் அக்கா இருக்கிறார் என்று சொன்னேனே, காரைக்கால்காரர். முன்பெல்லாம் மீன் குழம்பு கொண்டுவந்து கொடுப்பார். இப்போது வருவதில்லை. வெளியாட்கள் வந்து போவது உங்கள் மகனுக்குப் பிடிக்கவில்லை. அவர் சொல்வதும் நியாயம்தான்.

இந்தக் கவரும் தபால் தலையும் அவர்தான் வாங்கிவந்தார். பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கிறார். உங்களை விசாரித்ததாக எழுதச் சொன்னார்.

பணிவுடன்,
பொலின்


புதுச்சேரி
18.11.2008

அன்புள்ள பொலினுக்கு. ஒரு வாரமாக இங்கே அடைமழை. அதைத் தவிர எனக்கு ஒரு குறையும் இல்லை. உங்கள் இருவருக்கும் தினமும் ஜெபமாலை சொல்கிறேன்.

கலையரசி நேற்று மூன்று மணி நேரம் உட்கார்ந்து வேலை பார்த்தாள். பழைய சாப்ட்வேரை எடுத்துவிட்டுப் புதியதைப் போட்டாள். பழைய கேமரா இதற்குச் சேரவில்லை. புதிதாக ஒன்று வாங்கித் திரைக்கு மேலே மாட்டியிருக்கிறாள். பழையதை எடுக்கும் முன், "அதுல சேத்து வச்சிருந்த பேருங்க போயிடும்மா, பரவால்லியா?" என்று கேட்டாள். அதில் இருந்தது ஒரே பெயர், உங்கள் பெயர். அதைத் தாளில் எழுதிக்கொண்டு அப்புறம் அழிக்கச் சொன்னேன். ஏனோ மனசுக்குச் சரியாக இல்லை.

புதியதில் பேசுகிறவர் கம்ப்யூட்டர் முன்னால் இருந்தால் பெயருக்குப் பக்கத்தில் பச்சைப் புள்ளி எரியுமாம். இல்லாவிட்டால் சாம்பல் நிறம். என் பெயரை உள்ளே தனித்தாளில் கலையரசி ஆங்கிலத்தில் எழுதித் தந்திருக்கிறாள். தெயோவிடம் கொடு. பத்து நிமிஷ வேலைதான் என்கிறாள்.

ஞாயிறு நாலு மணிக்கு உட்கார்ந்திருப்பேன்.

அத்தை தெரேஸ்


சார்செல்
22.12.2008

மரியாதைக்குரிய அத்தைக்கு. நலம். உங்கள் நலம் அறிய ஆவல். பதில் எழுதத் தாமதமாகிவிட்டது, மன்னியுங்கள். மூன்று நாள் ஆஸ்பத்திரியில் இருந்தேன். சாதாரண வயிற்று வலி. இப்போது நடமாடுகிறேன்.

நீங்கள் கேட்ட விஷயம். எங்கள் கம்ப்யூட்டர் பழுதாகிவிட்டது அத்தை. நவம்பரிலிருந்தே ஓடவில்லை. சரி செய்யக் கொடுக்க வேண்டும். அதுவரை நீங்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் காத்திருக்க வேண்டாம். கடிதமே நன்றாக இருக்கிறது.

பனி பெய்திருக்கிறது. நான் வெளியே போகவில்லை. கிறிஸ்துமஸ் பூசைக்கு உங்கள் மகன் மட்டும் போய்வருவார். உங்களுக்கு எங்கள் பண்டிகை வாழ்த்து.

பொலின்


புதுச்சேரி
6.1.2009

அன்புள்ள பொலினுக்கும் தெயோவுக்கும் புது வருஷ ஆசீர். நான் சௌக்கியம்.

ஒரு சந்தோஷச் செய்தி. தெயோவின் ஈமெயிலை வைத்து கலையரசி தேடிப் பார்த்தாள். அவன் போன மே மாதமே இந்தப் புதிய சாப்ட்வேரில் பெயர் போட்டிருக்கிறான். சேர்க்கச் சொல்லிக் கேட்டோம். மறுநாள் சேர்த்துக்கொண்டான், ஒரு வார்த்தையும் எழுதவில்லை. அதிலிருந்து தினமும் பச்சைப் புள்ளி எரிகிறது. கம்ப்யூட்டர் சரியாகிவிட்டது போலிருக்கிறது.

ஒன்றாம் தேதி நானே கூப்பிட்டேன். ஆறு தடவை அடித்த பிறகு தெயோ எடுத்தான். படம் அத்தனை தெளிவு. அவன் சட்டைப் பொத்தானைக்கூட எண்ணலாம். "பொலின் எங்கே?" என்றேன். "அங்கதான் நிக்கிறா" என்றான். நீ பின்னால் அடுக்களை வாசலில் நின்றாய். தலையோடு சால்வை போர்த்தியிருந்தாய். கிட்டே வா என்றேன். "அடுப்புல வேலை இருக்கு அத்தை" என்றாய். உன் பின்னால் அடுப்பு அணைந்திருந்தது.

பழைய சாப்ட்வேரில் படம் கலங்கலாக வரும். நான் இத்தனை நாள் உன்னைப் பார்த்தேன் என்று நினைத்தது எதைப் பார்த்து என்று தெரியவில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள். ஒரு வரி போடு.

அத்தை தெரேஸ்


சார்செல்
24.1.2009

மரியாதைக்குரிய அத்தைக்கு. நாங்கள் நலம். எங்களுக்கு ஒரு குறையும் இல்லை. உங்கள் மகன் என்னை நன்றாக வைத்திருக்கிறார். கம்ப்யூட்டர் விஷயமாக இனி எழுத வேண்டாம். அதனால் வீண் மனஸ்தாபம் வருகிறது.

பொலின்

அம்மா, நான் தெயோ. என்ன கேக்கணுமோ என்னைக் கேளு. அவளுக்குத் தனியா எழுதாத.


புதுச்சேரி
9.2.2009

பொலின், இந்தக் கடிதத்தை நாலாம் மாடி செல்வாம்பாள் பெயருக்கு அனுப்புகிறேன். உன் கையில் மட்டும் கொடுக்கும்படி அவளுக்குத் தனியாக எழுதியிருக்கிறேன். படித்ததும் கிழித்துவிடு. என் சுகத்தைப் பற்றி இப்போது எழுதத் தோன்றவில்லை.

உன் மாமனார் கிளமானை நீ போட்டோவில்தான் பார்த்திருக்கிறாய். மெடல் குத்திய சட்டையோடு. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷனோடு வந்த சொல்தா. பூசைக்கு முதல் ஆளாக வருவார். பொய் பேசமாட்டார். என்னை அடிப்பார். பத்தொன்பது வருஷம் அடித்தார். இந்தத் தெருவில் ஒருவருக்கும் தெரியாது. சனிக்கிழமை அடி விழுந்தால் ஞாயிறு பூசையில் தூணை ஒட்டி உட்காருவேன். வீங்கிய கன்னம் தூண் பக்கம், நல்ல கன்னம் ஜனங்கள் பக்கம். ஜனவரி ஒன்றாம் தேதி நீ நின்ற நிற்பைப் பார்த்தேன். அது நான் நின்ற நிற்பு.

தெயோவுக்கு அப்போது ஒன்பது வயது. கதவிடுக்கில் நின்று பார்ப்பான், அழுவான். ஒரு நாள் அழுவதை நிறுத்திவிட்டான். அன்றைக்கே நான் பயந்திருக்க வேண்டும். பிள்ளை வளர்ந்துவிட்டான் என்று நிம்மதிப்பட்டேன்.

தவளக்குப்பத்துக்குப் பெண் கேட்டு வந்தபோது உன் அண்ணன் ஆந்த்ரே, "மாப்பிள்ளைக்குக் கோபம் வருமா?" என்று கேட்டான். "பச்சைப் பிள்ளை மாதிரி" என்று சொன்னேன். அதைச் சொன்ன வாய் இது.

இப்போது கேட்கிறேன். அவன் உன்னை அடிக்கிறானா? வேறு எதுவும் எழுத வேண்டாம். ஆமாம் அல்லது இல்லை, ஒரு சொல் போதும்.

தெயோவுக்குத் தெரியாத வேறொரு பெயரை கலையரசி எனக்குப் போட்டுக் கொடுத்திருக்கிறாள். அதன் எழுத்துகள் கீழே இருக்கின்றன. செல்வாம்பாள் வீட்டுக் கம்ப்யூட்டரிலிருந்து என்னைக் கூப்பிடலாம். நாளும் நேரமும் நீ சொல். எந்த நேரமானாலும் இருப்பேன்.

தெரேஸ்


சார்செல்
22.3.2009

அத்தைக்கு.

ஆமாம்.

உங்கள் கடிதம் வந்து ஒரு மாதமாகிறது. செல்வாம்பாள் அக்கா வீட்டுக் குளியலறையில் உட்கார்ந்து படித்தேன். அங்கேயே கிழித்துத் தண்ணீரில் விட்டேன். மேலே போய்வர எனக்குக் கிடைப்பது குப்பை கொட்டப் போகும் நேரம் மட்டும்தான். அதனால் பதில் எழுத இத்தனை நாள் ஆயிற்று. வேலைக்குப் போகும்போது கதவைப் பூட்டிக்கொண்டு போவார். போன வாரம் அவர் கோட்டுப் பையில் மாற்றுச் சாவி ஒன்று கிடைத்தது.

ஏப்ரல் ஏழாம் தேதி செவ்வாய்க்கிழமை. இங்கே காலை பத்து, உங்களுக்குப் பகல் ஒன்றரை. பத்து நிமிஷத்துக்கு மேல் முடியாது.

வராவிட்டால் போன் செய்யாதீர்கள் அத்தை. தயவுசெய்து செய்யாதீர்கள்.

பொலின்


புதுச்சேரி
14.4.2009

என் மகள் பொலினுக்கு. பாஸ்காப் பண்டிகை முடிந்தது. நீ அந்த வீட்டைவிட்டு வெளியேறிவிட்டாய் என்று பெரிய வெள்ளிக்கிழமை அன்று செல்வாம்பாள் ஒரே வரி அனுப்பினாள். எங்கே என்று சொல்லவில்லை. சொல்லாததே நல்லது. நீ எங்கே படுக்கிறாய், என்ன சாப்பிடுகிறாய் என்றுதான் மனசு சுற்றுகிறது. இந்தக் கடிதமும் அவள் வழியாகவே வரும்.

பிப்ரவரியிலிருந்து உன் பதில் வராத அந்த ஏழு வாரம் நான் பட்டதை எழுத முடியாது. தபால்காரர் சைக்கிள் தாண்டிப் போனால் உட்கார்ந்துவிடுவேன். தெயோவின் பச்சைப் புள்ளியை மட்டும் தினமும் பார்ப்பேன். புள்ளி எரிந்தால் அவன் வீட்டில் இருக்கிறான், நீ அவனோடு இருக்கிறாய். சாம்பலானால் கொஞ்சம் மூச்சு வரும். பெற்ற பிள்ளை வீட்டுக்கு வராதிருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்ட தாய் நான்.

ஏழாம் தேதி நீ சால்வையை எடுத்தாய். நான் அழமாட்டேன் என்று மாதாவிடம் சொல்லிவிட்டுத்தான் உட்கார்ந்தேன், முடியவில்லை. பக்கத்தில் இருந்த கலையரசி எழுந்து வாசலுக்குப் போய்விட்டாள். டிசம்பரில் வயிற்று வலி என்று எழுதினாயே, அது என்ன என்று நான் கேட்கவில்லை. நீ உன் வயிற்றில் கையை வைத்தாய். உடனே எடுத்துவிட்டாய். எனக்குப் புரிந்தது. அதை இங்கேயும் எழுதமாட்டேன்.

வக்கீல் சாட்சி கேட்பார் என்று செல்வாம்பாள் சொன்னபோது, "அத்தைய இதுல இழுக்காதீங்கக்கா" என்றாய். நீ இழுக்கவில்லை. நானே வருகிறேன். கன்னியர் பள்ளிக்கூடத்தில் படித்த பிரெஞ்சு இன்னும் மறக்கவில்லை. ஜனவரி ஒன்றாம் தேதி திரையில் என்ன பார்த்தேன், ஏப்ரல் ஏழாம் தேதி என்ன பார்த்தேன் என்று நாலு பக்கம் எழுதிக் கையெழுத்துப் போட்டு இதோடு வைத்திருக்கிறேன். "என் மகன்" என்று எழுத வேண்டிய இடத்தில் ஒரு மணி நேரம் பேனாவைப் பிடித்துக்கொண்டே இருந்தேன். பிறகு எழுதிவிட்டேன்.

திடமாக இரு.

தெரேஸ்


24.5.2009

அன்புள்ள அத்தைக்கு. நான் பத்திரமாக இருக்கிறேன். பெண்கள் காப்பகம். அறைக்கு உள்ளேயிருந்து பூட்டலாம். முதல் வாரம் நாலு தடவை எழுந்து பூட்டைத் தொட்டுப் பார்ப்பேன், இப்போது ஒரு தடவைதான். உங்கள் பிரஷர் எப்படி இருக்கிறது?

இங்கே பொதுவாக ஒரு கம்ப்யூட்டர் இருக்கிறது. நீங்கள் சொன்ன சாப்ட்வேரை அதில் போடச் சொல்லிக் கேட்டேன், போட்டுக் கொடுத்தார்கள். ஜூன் முதல் ஞாயிற்றுக்கிழமையிலிருந்து உங்கள் நாலு மணிக்குக் கூப்பிடுகிறேன்.

உங்கள் நாலு பக்கத்தை வக்கீலம்மா நீதிபதியிடம் கொடுத்தார். எதிர்த் தரப்புக்கும் நகல் போகும் என்று எனக்கு முதலில் தெரியாது. தெரிந்திருந்தால் கொடுக்க விட்டிருக்கமாட்டேன். அதைப் படித்த அன்று உங்கள் மகன் செல்வாம்பாள் அக்கா வீட்டுக் கதவை உதைத்திருக்கிறார். போலீஸ் வருவதற்குள் போய்விட்டார்.

ஜூனில் அவர் லீவு எடுத்திருப்பதாக அக்கா கேள்விப்பட்டார். ஊருக்கு டிக்கெட்டும் வாங்கிவிட்டாராம்.

அத்தை, கொஞ்ச நாள் வேறு யார் வீட்டிலாவது இருக்கிறீர்களா?

உங்கள் மகள்,
பொலின்


புதுச்சேரி
16.6.2009

என் மகள் பொலினுக்கு. உயிரோடு இருக்கிறேன், அதை முதலில் எழுதிவிடுகிறேன். ஞாயிற்றுக்கிழமை நீ பார்த்தது பாதிதான். மீதியை நீ கற்பனை செய்து செய்து பயப்படுவாய். அதனால் எல்லாவற்றையும் எழுதுகிறேன்.

வேறு வீட்டுக்குப் போகச் சொன்னாய். என் வீட்டைவிட்டு நான் ஏன் போக வேண்டும் என்று இருந்துவிட்டேன். தெயோ வியாழக்கிழமை வந்தான். சாக்லேட் டப்பா கொண்டுவந்தான். இரண்டு கன்னத்திலும் முத்தம் கொடுத்தான். ஒழுகிக்கொண்டிருந்த குழாயைச் சரி செய்தான். நான் வைத்த வஞ்சிரக் குழம்பை இரண்டு முறை ஊற்றிச் சாப்பிட்டான். உன்னைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அவன் நன்றாகப் பேசப் பேச எனக்குக் குளிர் எடுத்தது. அவன் அப்பாவும் பெரிய அடிக்கு முன்னால் இரண்டு நாள் இப்படித்தான் இருப்பார். என் கைபேசியை, "சார்ஜ் போடறேன்" என்று வாங்கினான், திருப்பித் தரவில்லை. கலையரசி ஒரு தடவை வந்து எட்டிப் பார்த்தாள். "இன்னைக்கி கம்ப்யூட்டர் வேலை ஒண்ணும் இல்ல" என்று அவனே அனுப்பிவிட்டான். கூப்பிடாதே என்று உனக்குச் சொல்ல எனக்கு வழியே இல்லை.

ஞாயிறு மூன்றே முக்காலுக்கு என் நாற்காலியைத் திரைக்கு முன்னால் போட்டான். தான் கேமராவுக்குப் படாத இடத்தில் சுவரோரம் நின்றான்.

"நாலு மணிக்கிக் கூப்புடுவா இல்ல? எடு."

"தெயோ, வேணாம்ப்பா."

"நான் ஒண்ணும் பண்ணப் போறதில்லம்மா. எந்த ஊர்ல இருக்கா, எந்தத் தெருன்னு மட்டும் கேளு. நீ கேட்டா சொல்லுவா."

உன் பெயருக்குப் பக்கத்தில் பச்சைப் புள்ளி எரிந்தது. மணி அடிக்க ஆரம்பித்தது. எடுக்காமல் இருந்தால் நீ பயந்துபோய்த் திரும்பத் திரும்பக் கூப்பிடுவாய், என்றைக்காவது அவன் பக்கத்தில் இருப்பது தெரியாமல் ஊர்ப் பெயரை நீயே சொல்லிவிடுவாய். அதனால் எடுத்தேன். உன் முகம் வந்தது. தலைக்கு எண்ணெய் வைத்து வாரியிருந்தாய். சிரித்தாய். அப்போதுதான் சொன்னேன். "பொலின், தெயோ என் பக்கத்துல நிக்கிறான். ஊரச் சொல்லாத. இந்தப் பேர்ல இனிமே கூப்புடாத." அவன் பாய்ந்து வயரைப் பிடுங்கினான். நீ அதுவரைதான் பார்த்திருப்பாய்.

பிறகு அடித்தான். ஒரே அடி. மேஜை விளிம்பில் விழுந்தேன். உதடு கிழிந்தது, இடது பக்கம் ஒரு பல் ஆடுகிறது. டாக்டர் பார்த்துவிட்டார், வேறு ஒன்றுமில்லை. அடித்துவிட்டு அவனே திகைத்துப்போய்த் தன் கையைப் பார்த்துக்கொண்டு நின்றான். "எல்லாத்துக்கும் நீதாம்மா காரணம்" என்றான். பிறகு கட்டிலில் உட்கார்ந்து அழுதான். ஒன்பது வயதில் அழுவானே, அதே அழுகை. என் கை தானாக அவன் தலைக்குப் போனது. பாதியில் இழுத்துக்கொண்டேன். அப்படி இழுத்துக்கொண்டதுதான் பொலின் எனக்கு எல்லாவற்றையும்விடக் கஷ்டமாக இருந்தது.

செருப்பைப் போட்டுக்கொண்டு வெளியே வந்தேன். அவன் பின்னால் வருகிறானா என்று திரும்பிப் பார்க்கத் தைரியம் இல்லை. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு போலீஸ் ஸ்டேஷன் வரை நடந்தேன். வழியில் தெரிந்தவர்கள் இரண்டு பேர், "என்னம்மா ஆச்சு?" என்றார்கள். "என் புள்ள அடிச்சிட்டான்" என்று சத்தமாகவே சொன்னேன். சொன்ன பிறகு ஒரு கடைப் படியில் உட்கார்ந்து எழுந்தேன்.

ஸ்டேஷனில் இருந்த ஏட்டய்யா வயசானவர், நல்ல மனுஷர். தண்ணீர் கொடுத்தார். "பெத்த புள்ள மேலயாம்மா? கூப்புட்டு ரெண்டு தட்டுத் தட்டி அனுப்பறோம். எழுதிட்டா அப்புறம் நீங்க நெனச்சாலும் அழிக்க முடியாது. யோசிச்சிக்குங்க" என்றார். யோசித்தேன். பயமாகத்தான் இருந்தது. அவன் நாளைக்கு வெளியே வருவான், என் வீடு அவனுக்குத் தெரியும். என்னை அடக்கம் செய்ய வேண்டியவனும் அவன் ஒருவன்தான்.

"எழுதுங்க" என்றேன்.

அவனைக் கூட்டிப் போனார்கள். இன்று ஜாமீனில் விட்டுவிட்டார்கள். நம் தெருப் பக்கம் வரக் கூடாது என்று உத்தரவு. எங்கே தங்கியிருக்கிறான் என்று தெரியவில்லை. கலையரசி இரண்டு நாளாக என்னோடு படுக்கிறாள். கேட் சத்தம் கேட்டால் இருவரும் பேச்சை நிறுத்திவிடுகிறோம். அவள் எனக்கு வேறு பெயர் போட்டுக் கொடுத்திருக்கிறாள். அதைச் செல்வாம்பாளுக்குத் தனியாக அனுப்புகிறேன்.

புகாரின் நகல் உள்ளே இருக்கிறது. உன் வக்கீலம்மாவிடம் கொடு. தமிழில் இருப்பதால் நீ படித்துச் சொல்ல வேண்டியிருக்கும். முதல் பக்கத்திலேயே ஒரு கட்டம் இருக்கிறது, ஏட்டய்யா கேட்டுக் கேட்டு நிரப்பியது. புகார் கொடுப்பவர்: தெரேஸ். எதிரிக்கு என்ன உறவு: தாய்.

ஆசீருடன்,
அம்மா